மிதக்கும் செடியைத் திருப்பிக் கேட்டவள்

சிவப்புச் செடி வேண்டும் என்று கேட்டுத்தான் நான் முதன்முதலில் சுஷ்மிதாவிடம் போனேன். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

என் கணவர் லக்ஷ்மிநரசிம்மன் திருமலைக் கோவிலில் கைங்கர்யம் செய்கிறவர். விடியுமுன் மலையேறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். நான் திருப்பதியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஹால் வெறிச்சென்று இருக்கிறதே என்று அவர்தான் ஒருநாள் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். "மத்ஸ்யாவதாரம் நம்மாத்துலேயே இருக்கட்டுமே, யதுகிரி" என்றார்.

மீன்களோடு கடைக்காரன் பிளாஸ்டிக் செடிகளும் கொடுத்திருந்தான். ஆரஞ்சும் ஊதாவுமாக, பிறந்தநாள் தோரணம் மாதிரி. ஒரு மோலி மீனின் வால் அதில் சிக்கிக் கிழிந்தபோது அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உயிருள்ள செடி கேட்டு அதே கடைக்குப் போனேன். ஊதா இலையோடு அழகான செடி ஒன்றைக் கொடுத்தார்கள். பத்து நாளில் அது கொழகொழவென்று அழுகி, ஹாலில் உட்கார முடியாத நாற்றம். "பெருமாளே, இது மத்ஸ்யாவதாரமா, சாக்கடையா?" என்று இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துப் பிளாட்டில் இருக்கிறவர்கள்தான் சுஷ்மிதாவின் நம்பரைக் கொடுத்தார்கள்.

கொர்லகுண்டாவில் மூன்று மாடி வீடு ஒன்றின் மொட்டைமாடியில் இருந்தது அவளுடைய தோட்டம். மேலே பச்சை நிழல்வலை. கீழே வரிசையாகத் தெர்மகோல் பெட்டிகள், பாதியாக அறுத்த நீல டிரம்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள். எல்லாவற்றிலும் தண்ணீர், எல்லாத் தண்ணீரிலும் செடி. சுடிதார் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு டிரம்முக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்காது. விரல் நுனிகளெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

நான் போனில் ஒரு படத்தைக் காட்டி, ரத்தச் சிவப்பாக இருந்த செடியைக் கேட்டேன்.

"இன்னா மீனு வச்சிகினு இருக்கீங்க மேடம்?"

"மோலி, கப்பி."

"தொட்டி ஜன்னலாண்ட இருக்குதா?"

"எதிர்ச் சுவத்துல. வெயில் படாது."

"வூட்ல வென்னி வெக்கற பாத்திரத்துல வெள்ளையா படியுதா?"

"படியறதாவது! வாராவாரம் எலுமிச்சம்பழத்தைப் போட்டுத் தேய்க்கறேன்."

அவள் சிரித்தாள். "அப்ப உப்புத் தண்ணி. இந்த செவப்பு உங்களுக்கு வோணாம். அதுக்கு லேசான தண்ணி வோணும், நல்ல லைட்டு வோணும், சிலிண்டர் வச்சி கரியமில கேஸு வுடணும். உங்க வூட்ல எலயெல்லாம் கொட்டிப்போயி குச்சியா நிக்கும்."

"நான்தானே வாங்கறேன். செத்துப் போனா அது என் பாடு."

"செடி பாடு?" என்று கேட்டாள்.

கேட்டபடியே அவள் ஒரு டிரம்மிலிருந்து ரிப்பன் மாதிரி நீள நீளமாக இலை விட்ட புல்லைப் பிடுங்கி ஈரத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதன் பெயர் வாலிஸ்னேரியா. உப்புத் தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டமாம். இரண்டாவதாக, கருங்கல் ஒன்றில் நூல்போட்டுக் கட்டிய ஒரு பெரணிச் செடி. "இத்த மண்ணுல பொதைக்காதீங்க. கல்லோட அப்படியே வச்சிடுங்க. தண்டு மூடிச்சின்னா அழுவிடும்." மூன்றாவது, பழுப்பும் பச்சையுமாகக் குட்டையாக இருந்த கிரிப்டோ என்ற செடி. வெளிச்சம் குறைவாக இருந்தாலும் வளருமாம். லைட்டை ஆறேழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடக் கூடாது, விட்டால் செடிக்கு முந்திப் பாசி வளரும் என்றாள்.

முன்பு அழுகிப்போன ஊதாச் செடியைப் பற்றிச் சொன்னேன். "அது பூந்தொட்டில வெக்கற செடி மேடம். தண்ணிக்குள்ள போட்டா நம்மள முக்கினா மாதிரிதான்."

கடைசியில், சுருக்கம் சுருக்கமாகச் சின்ன இலை கொண்ட ஒரு மிதக்கும் செடியை ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டாள். "இது சும்மா. மேல மெதக்கும். குட்டி மீனுங்க அடில ஒளிஞ்சிக்கும்." வாங்க வருகிற எல்லாருக்கும் அப்படி ஒரு பிடி இனாமாகக் கொடுப்பது அவள் வழக்கம். டிரம்முக்கு டிரம் தானாகவே பெருகுகிற செடிக்குக் காசு எதற்கு என்பாள்.

இரண்டு வாரத்தில் கிரிப்டோவின் இலைகள் எல்லாம் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்துவிட்டன. இதுவும் போயிற்று என்று போன் செய்தேன். அன்று சாயங்காலமே ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தாள்.

"வேரு நல்லா கீது. எடம் மாத்தினா கோவிச்சிக்கினு எலய வுட்டுடும். நீங்க கை வெக்காதீங்க. அதுவே வரும்."

வந்தது. குருத்து ஒன்று, பின்னால் இன்னொன்று. என் கணவர் மலையிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிய கையோடு தொட்டியைப் போய்ப் பார்க்கிற பழக்கம் அந்த மாதத்தில் ஆரம்பித்ததுதான்.

அதற்குப் பிறகு சுஷ்மிதா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனாள். காபி குடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பற்றிச் சொன்னாள். பிறந்தது பிச்சாட்டூர். நைனா டிரைவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் மாஸ்க், ஷிப்டு முழுக்க நின்றபடி ஒரே வேலை. எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. "கண்ணுக்கு பச்சையா ஒண்ணு வோணும்னு இருந்தது மேடம்" என்றாள். ஹாஸ்டல் ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு செடி போட்டாள். அது வளர்ந்து பாட்டிலை அடைத்தது. ஒடித்து இன்னொரு பாட்டிலில் போட்டாள். கூட வேலை செய்த பெண்கள் கேட்டார்கள், கொடுத்தாள். சம்பத்தைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பதிக்கு வந்தபின், வேலையை விட்டுவிட்டுச் செடியையே தொழிலாக்கிக்கொண்டாள். சம்பத் இன்னும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்குப் போய்வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம் கழுவுவது அவன் பொறுப்பு.

எந்தச் செடியை எங்கே வைக்கலாம் என்று அவள் யோசிக்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. நாங்கள் எல்லாரும் எது அழகு என்று பார்ப்போம். அவள் முதலில் எது பிழைக்கும் என்று பார்ப்பாள். கோல்ட்ஃபிஷ் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், மெல்லிய இலைச் செடிகளைக் கண்ணில்கூடக் காட்டமாட்டாள். அது கீரை மாதிரி மேய்ந்துவிடும், தடித்த இலைதான் தாங்கும் என்பாள். பலமனேரில் இருந்து கேட்டவர்களுக்கு, அங்கே குளிர்ச்சி அதிகம் என்பதால், திருப்பதி வெயிலில் கருகுகிற ஒரு செடியைத் தைரியமாக அனுப்புவாள். வாங்க வந்தவர்களில் பாதிப் பேரையாவது, அவர்கள் நினைத்து வந்ததற்கு வேறான செடியோடு திருப்பி அனுப்பியிருப்பாள். ஒருவரும் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் செடி வாங்கியவர்களில் கோகுலகிருஷ்ணன் என்று ஒருவர். பேங்கில் வேலை. பெங்களூருக்கு மாற்றல் வந்தபோது மூன்றடித் தொட்டியைக் கொண்டுபோக முடியவில்லை. விற்கவும் மனமில்லை. பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர். போகிற வழியில் ஊருக்குப் போய், மீன், செடி எல்லாவற்றையும் ஊர் ஏரியில் விட்டுவிட்டார். விட்டுவிட்டு அவளுக்கு வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார். "உயிரோட விட்டுட்டேன்மா, மனசுக்கு நிம்மதி." அவளும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த சங்கராந்திக்கு கோகுலகிருஷ்ணன் ஊருக்கு வந்து ஸ்டேட்டஸ் போட்டார். கரும்பு, மாட்டு ஊர்வலம், பேரக் குழந்தைகள். ஒரு படத்தில் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். "எங்க ஊர் ஏரி, எப்படிப் பச்சைப் பசேல்னு!" என்று கீழே எழுதியிருந்தார்.

சுஷ்மிதா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சையாக இருந்தது கரை அல்ல, தண்ணீர். கரையிலிருந்து பாதி ஏரிவரை கம்பளம் விரித்த மாதிரி மூடியிருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். சுருக்கம் சுருக்கமாகச் சின்ன இலை.

உடனே அவருக்குப் போன் செய்தாள். "செடிதானம்மா, பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர். வெள்ளந்தியாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை புத்தூரில் பஸ் மாறி அவள் அந்த ஊருக்குப் போய் இறங்கினாள். அங்கே நடந்ததை அவள் சொல்லியும், பின்னால் சிரஞ்சீவி சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதிலும் வித்தியாசமில்லை.

சிரஞ்சீவி அந்த ஏரியில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தவர். மழை முடிந்ததும் கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவள் போனபோது கரையில் குந்திக்கொண்டு, செத்து ஒதுங்கிய மீன்களைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சைக் கம்பளத்துக்கு அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து, மேலேயும் இடமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. எங்கிருந்து இந்தச் சனியன் வந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மேல் ஏரியிலிருந்து வெள்ளத்தில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பி பஸ் ஏறியிருந்தாலும் கேட்பார் இல்லை.

"அண்ணா, இது என் கையால போன செடி" என்றாள் சுஷ்மிதா.

அவருக்குப் புரியவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். தான் திருப்பதியில் செடி விற்பது, ஒருவருக்கு ஒரு பிடி சும்மா கொடுத்தது, அவர் நல்லது என்று நினைத்து இங்கே விட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

சிரஞ்சீவிக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "சேப்பலன்னீ சச்சிப்போதுன்னாயி, தெலுசா?" என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். மீனெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது, தெரியுமா என்று. அதற்குமேல் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. ஊர் கூடிவிட்டது. அவள் தலைகுனிந்து நின்று முழுவதும் கேட்டாள். அவர் ஓய்ந்ததும், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு. இரண்டு கையாலும் அந்தச் செடியை அணைத்து அள்ளிக் கரையில் கொண்டுவந்து போட்டாள். திரும்பப் போனாள்.

"கொஞ்ச நேரம் பாத்துகினே இருந்தேன் மேடம்" என்று சிரஞ்சீவி என்னிடம் சொன்னார். "போயிடும்னு நெனச்சேன். போவல. மத்தியானம் ஆயிப்போச்சு. பாம்பு கீது, ஏறும்மான்னு நான்தான் கத்தினேன்."

அன்று சாயங்காலம் அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், அந்த மெதக்கற செடிய திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏன்? நன்னாத்தானே வளர்றது?"

"அதான் மேடம்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு என் தொட்டியின் மேலிருந்த செடியை ஒரு துணுக்கு விடாமல் டீ வடிகட்டியால் வழித்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் திருப்பதியில் வீடு வீடாக அலைந்தாள். இனாமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு யாராவது வந்து பார்த்திருக்கிறோமா? சிலர் சிரித்தார்கள். சிலர் ஏற்கெனவே சாக்கடையில் கொட்டிவிட்டேன் என்றார்கள். அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாங்கிய செடியை மொட்டைமாடியில் சுடுகிற தரையில் பரப்பி, சருகாகும்வரை காயவிட்டாள். டிரம்களில் இருந்ததும் அதே தரைக்குத்தான் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு போனேன். எனக்கு நீச்சல் தெரியாது, கரையில் நின்று இழுக்கிற வேலை. சம்பத் ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தான். நீளக் கயிற்றில் காலித் தண்ணீர் பாட்டில்களை நெருக்கமாகக் கட்டி, கீழே பழைய கொசுவலையைத் தைத்திருந்தான். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குள் வளைத்து நடந்தால், பச்சை முழுவதும் அந்த வளையத்துக்குள் ஒதுங்கிக் கரைக்கு வந்துவிடும். பார்க்க மீன் பிடிப்பதுபோலவே இருந்ததால் ஊர் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் வாரம் வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டாம் வாரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

சிரஞ்சீவி மட்டும் முதலில் ஒதுங்கியே இருந்தார். அள்ளிப் போட்ட குவியலை சுஷ்மிதா கரையைவிட்டு வெகுதூரம் சுமந்துகொண்டு போவதைப் பார்த்து, "இங்கியே போடேன், இன்னாத்துக்கு அம்மாந்தூரம்?" என்று கேட்டார்.

"மழை வந்தா திரும்ப அடிச்சிகினு வந்துடும்ண்ணா. ஒரு எல போதும் இதுக்கு."

அவர் போய், தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கோகுலகிருஷ்ணனும் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. சுஷ்மிதா அனுப்பிய செத்த மீன் படத்தைப் பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார். கரையில் எல்லார் முன்னாலும், "நான்தான் கொண்டாந்து விட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்றார். ஊர்க்காரர்கள் அவரை சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள். ஒரு பெரியவர் அவர் கையில் கயிற்று முனையைக் கொடுத்து, "பேசாம இழு" என்றார். வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக அவர் மாலைவரை இழுத்தார்.

கோடையில் ஏரி வற்றிச் சுருங்கியதும் வேலை சுலபமாயிற்று. ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு, கோரைப் புதர் ஓரமாகத் திரும்பவும் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. சுஷ்மிதாவுக்குப் போகவில்லை. கோரையை ஒவ்வொரு தூராக விலக்கி, குனிந்து, விரலால் பொறுக்கினாள். எனக்கு வேலையே கண்ணைப் பற்றியதுதான். அவ்வளவு கூர்மையான பார்வையை நான் அதிகம் கண்டதில்லை.

மிதக்கும் செடி எதையும் இனிக் கொடுப்பதில்லை என்று அவள் நிறுத்திவிட்டாள். அதனால் சில வாடிக்கைக்காரர்கள் போனார்கள். "வேகமா வளர்ற செடி வோணும்ன்றாங்க மேடம். வேகமா வளர்றதுதான் எனக்கு பயமா கீது" என்றாள். மாடியில் பாதி டிரம்கள் காலியாகக் கிடந்தன. அந்த நாட்களில் அவள் கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தாள். சம்பத், ஸ்ரீசிட்டியில் அவளுக்குத் திரும்ப வேலை கேட்டுப்பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டான். யோசிக்கிறேன் என்றாளாம்.

தை மாதத்தில் ஒருநாள் காலை சிரஞ்சீவி அவளைப் போனில் கூப்பிட்டார். "ஏரில இன்னாவோ மொளச்சிகினு வருது. உன்னுதா பாரு" என்றார். குரலில் கேலியா பயமா என்று தெரியவில்லை. அவள் எனக்குப் போன் செய்தாள். லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

ஏரித் தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது. அடியிலிருந்து, ஓரம் நெளிந்த நீள இலைகள் மெல்ல ஆடிக்கொண்டு எழும்பியிருந்தன. சில இலைகள் மேலே வந்து நீரில் படுத்திருந்தன. நடுநடுவே விரல் நீளத்துக்கு மெல்லிய பூங்கதிர்கள். சுஷ்மிதா கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, கொட்டி மேடம் இது. கெழங்கு மண்ணுக்குள்ளயே இருந்திருக்குது. வெளிச்சம் பட்டதும் வந்துடுச்சி."

"உன்னுது இல்லியே?" என்றார் சிரஞ்சீவி.

"இல்லண்ணா. இது உங்க ஏரிது."

கரையோரச் சேற்றில் நாலு இதழாக ஆரைக்கீரை படர்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தடித்த சின்ன இலையோடு நீர்ப்பிரம்மி. இவை மூன்றும் தொட்டிக்குள் வளரும் என்று அவளுக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் வளர்க்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் நம் பக்கத்து உப்புத் தண்ணீரையும் சித்திரை வெயிலையும் பிறந்ததிலிருந்து பழகிய செடிகளை விட்டுவிட்டு, எங்கெங்கிருந்தோ பார்சலில் வந்ததைத் தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

"அண்ணா, இதுல ரெண்டு துண்டு எடுத்துக்கட்டா? கெழங்க தோண்டமாட்டேன். வெத உதிந்தா மட்டும் பொறுக்கிக்கறேன்."

"எதுக்கு?"

"கண்ணாடித் தொட்டில வச்சி வளக்கறதுக்கு."

சிரஞ்சீவி என்னைப் பார்த்தார். "ஏம்மா, கீரைய ஆஞ்சி பொரிச்சித் துன்றத வுட்டுட்டு, கண்ணாடிப் பொட்டில வச்சி பாத்துகினு இருப்பாங்களா?"

"இருப்போம்" என்றேன். கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையக்கூட அவள் எடுக்கவில்லை. அதை வைத்து மாடியில் பெருக்கினாள். முதலில் ஆரைக்கீரை அவளைப் பயமுறுத்தியது. தண்ணீருக்குள் வைத்ததும் நாலு இதழும் வாடி விழுந்தன. கிரிப்டோ விஷயத்தில் எனக்குச் சொன்ன அதே பொறுமையை இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சில வாரத்தில் புது இலைகள் வந்தன, நாலு இதழாக அல்ல, ஒற்றை வட்டமாக, பொட்டு மாதிரி. தண்ணீருக்கு மேலே ஒரு வேஷம், உள்ளே ஒரு வேஷம். தொட்டித் தரையில் அது மெதுவாகத்தான் படர்ந்தது. மெதுவாகப் படர்வதுதான் அவளுக்குப் பிடித்தது. கொட்டி விதைகள் ஒரு கிண்ணத்தில் முளைத்து, நூல் நூலாக நின்றன. நீர்ப்பிரம்மியை ஒடித்து நட்டால் போதும், கோபிக்காது.

அந்த வருஷ அக்னி நட்சத்திரத்தில் திருப்பதியில் பல வீட்டுத் தொட்டிகளில் செடிகள் வெந்துபோயின. சுஷ்மிதாவின் ஏரிச் செடிகள் அசையவில்லை. அதைப் பார்த்துத்தான் பழைய வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நெல்லூரிலிருந்தும் வேலூரிலிருந்தும்கூடக் கேட்கிறார்கள். ஸ்ரீசிட்டிக்குத் திரும்பிப் போகிற பேச்சு அதோடு நின்றது. ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் வைக்கிறாள். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வரி: வேண்டாம் என்றால் வெயிலில் காயப் போடுங்கள், ஏரியில் போடாதீர்கள், இல்லாவிட்டால் எனக்கே திருப்பி அனுப்புங்கள்.

அதே கோடையில் ஏரியில் மீன் பிடித்தார்கள். வலை இழுக்கிற அன்று சிரஞ்சீவி எங்களை வரச் சொல்லியிருந்தார். கட்லா ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருந்தது. கயிறு இழுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு மீன் என்று அவரே கூறு போட்டார். சுஷ்மிதாவுக்கு இருந்ததிலேயே பெரியது. அவள் வேண்டாம் வேண்டாம் என்க, சம்பத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். என் முறை வந்ததும் சிரஞ்சீவி தயங்கினார்.

"இவங்க அய்யங்காரு வூடுண்ணா, துன்னமாட்டாங்க" என்றாள் சுஷ்மிதா.

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கரையோரமாகப் போனார். ஈரத் துணியில் சுற்றி ஒரு கட்டு ஆரைக்கீரை கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இது தொட்டில வெக்கறதுக்கு இல்ல மேடம். ஆக்கித் துன்றதுக்கு. சொல்லிட்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது சுஷ்மிதா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். கால்களுக்கு நடுவில் மீன் கூடை, மடியில் ஈரம் காயாத கைகள். சம்பத் அவள் தலை கம்பியில் இடிக்காமல் தன் கையை அணையாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். கார்வேட்டிநகரம் தாண்டியதும் அவள் விழித்துக்கொண்டு, வழியில் தெரிகிற ஒவ்வொரு குட்டையையும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.